தவிட்டோடு நீங்கும் உயிர்ச்சத்து
கமக்காரர் உண்ணும் சோறும் உடலின் அனுசேபமும்

பெரும்போகத்து நெல் சூடடித்து வீடு வந்து சேர்ந்ததும் கமக்காரர் முதலில் எண்ணுவது தீர்க்கவேண்டிய கடனையும், அடுத்த போகத்துக்கான விதைநெல்லையும், விற்கவேண்டிய மூடைகளையுமேயாகும். வீட்டாரின் உணவுக்கென ஒதுக்கவேண்டிய நெல்லைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் இறுதியிலேயே எழுகின்றது. நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டுச் சில மாதங்களின் பின்னர்க் கடையில் வெள்ளையரிசி வாங்கி உண்ணும் கமக்காரக் குடும்பங்கள் பல உள. தோட்டச் செய்கையாளரிடத்தும் இவ்வழக்கம் உண்டு. பயற்றங்காயும் கீரையும் விடியுமுன்னரே சந்தைக்குச் செல்ல, வீட்டில் எஞ்சுவது சோறும் ஒரு குழம்புமாகவே இருக்கும்.

இவ்வாறு நாட்டுக்கு உணவு விளைவிப்போர், தாம் விளைவித்ததிலும் சத்துக் குறைந்த உணவையே உண்ண நேரிடுகின்றது. வயிறு நிறைவதனால் இக்குறை எளிதிற் புலப்படுவதில்லை. ஆயினும் உண்ட சோற்றைத் தனக்குரிய வலுவாக மாற்றிக்கொள்வதற்கு உடலுக்கு வேறு சில பொருள்களும் வேண்டும். அப்பொருள்களிற் பெரும்பங்கு நெல்மணியிலேயே உண்டு. அவற்றை நீக்குவது தீட்டும் பொறியேயாகும். இவ்வுண்மையை விளக்கி, வீட்டில் கைக்கொள்ளத்தக்க முறைகளை எடுத்துக்கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

அனுசேபம் என்பது யாது?

உண்ட உணவு குடலிற் சமிபாடடைந்து குருதியிற் கலக்கின்றது. அதன்பின்னர் உடலின் ஒவ்வோர் அணுக்கூறிலும் அவ்வுணவுக்கூறுகள் பல மாற்றங்களை அடைகின்றன. சில எரிக்கப்பட்டு வெப்பத்தையும் வலுவையும் தருகின்றன. சில தசையாகவும் என்பாகவும் குருதியாகவும் கட்டப்படுகின்றன. மிகுதியானவை சேமித்து வைக்கப்படுகின்றன. உயிருள்ள உடலில் இடைவிடாது நிகழும் இம்மாற்றங்கள் அனைத்தையும் ஒருங்கே அனுசேபம் என்பர்.

மனிதன் உறங்கும்போதும் அனுசேபம் ஓய்வதில்லை. இதயம் துடிப்பதற்கும், மூச்சு நடைபெறுவதற்கும், உடலின் வெப்பநிலை குன்றாதிருப்பதற்கும் வலு வேண்டும். யாதொரு வேலையும் செய்யாது படுத்திருக்கும் வளர்ந்த ஆணொருவருக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி தேவைப்படும். வரம்பு கட்டுதல், மண்வெட்டியாற் கொத்துதல், மூடை சுமத்தல் ஆகிய கடும் வேலைகளைச் செய்பவருக்கு அதன் இருமடங்கும் வேண்டியிருக்கலாம். நமது நாட்டில் இவ்வலுவின் பெரும்பகுதியைத் தருவது சோறேயாகும். 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரியைத் தரும்.

எனினும் அடுப்பில் விறகு இருந்தால் மட்டும் போதாது. அது எரிவதற்குக் காற்றும் நெருப்பும் வேண்டும். அதுபோலவே மாப்பொருள் உடலில் எரிவதற்கு ஒட்சிசனோடு வேறு சில பொருள்களும் சிறிதளவில் வேண்டும். அவற்றுள் விற்றமின் எனப்படும் உயிர்ச்சத்துக்கள் தலையாயவை. அவை தாம் எரிந்து வலுவைத் தருவதில்லை. பிறபொருள்கள் எரிவதற்குத் துணைபுரிகின்றன. நாளொன்றுக்கு ஒருவருக்கு வேண்டிய அளவு சில மில்லிகிராமே ஆயினும், அஃது இன்றேல் உண்ட சோறு முழுப்பயனைத் தரமாட்டாது.

நெல்மணியின் அமைப்பு

நெல்மணியின் வெளிப்புறத்தில் உமி உண்டு. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியாகும். அதனை மனிதர் உண்ணமுடியாது. உமியை நீக்கியதும் வெளிப்படுவது முழுவரிசி. அதன்மேல் சிவப்பு அல்லது மங்கிய பழுப்பு நிறமுடைய மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அடிப்பக்கத்து மூலையில் சிறிய முளையம் அமைந்திருக்கும். தோலுக்குக் கீழே எண்ணெயும் புரதமும் செறிந்த ஒரு மெல்லிய படை உண்டு. இவை யாவற்றுக்கும் உள்ளே இருப்பது வெள்ளை நிறமான மாப்பகுதியாகும்.

பயிரின் நோக்கிற் பார்த்தால், மாப்பகுதி முளைக்கப்போகும் பயிருக்கான உணவுக் களஞ்சியமாகும். அவ்வுணவை எரித்துப் பயன்கொள்வதற்கு வேண்டிய உயிர்ச்சத்துக்களும் கனியுப்புக்களும் முளையத்திலும் அதனைச் சூழ்ந்த படைகளிலுமே பெரிதும் வைக்கப்பட்டுள்ளன. தீட்டும் பொறி இம்முளையத்தையும் படைகளையும் உராய்ந்து தவிடாக நீக்குகின்றது. அரிசி வெண்மையாகவும் பளபளப்பாகவும் வெளிவருகின்றது. ஆயின் களஞ்சியத்தின் திறப்பு தவிட்டோடு போய்விடுகின்றது.

தயமின் என்னும் உயிர்ச்சத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் தீட்டாத முழுவரிசியில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் தயமின் உண்டு. நன்கு தீட்டிய பச்சையரிசியில் அது 0.1 மில்லிகிராமுக்கும் குறைந்துவிடுகின்றது. அஃதாவது, ஐந்திற் நான்கு பங்கு வரையில் தவிட்டோடு சென்றுவிடுகின்றது. அத்தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் இடப்படுகின்றது. வளவில் மேயும் கோழிக்குக் கிட்டும் சத்து அவ்வீட்டுப் பிள்ளைக்குக் கிட்டாது போகின்றது.

யாவாவிற் கோழிகள் புகட்டிய பாடம்

இவ்வுண்மை உலகுக்குப் புலப்பட்டதும் கோழிகளாலேயே ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சோற்றைத் தலையாய உணவாகக் கொண்ட கீழைநாடுகளில் பெரிபெரி என்னும் நோய் பரவிற்று. கால்கள் மரத்து வலுவிழக்கும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், இறுதியில் இதயம் சோர்ந்து உயிர் நீங்கும். படைவீரரும் சிறைக்கைதிகளும் கப்பலோட்டிகளும் பெருந்தொகையாக இந்நோயால் மடிந்தனர். சிங்கள மொழியில் ‘இயலாது’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே இந்நோய்க்குப் பெயர் வந்ததெனக் கூறுவர்.

அக்காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாத் தீவின் பற்றேவியா நகரில் கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் மருத்துவர் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய்க்கிருமியொன்றே இதற்குக் காரணம் என அவர் முதலில் எண்ணினார். ஆராய்ச்சிக்காக வளர்த்த கோழிகளுக்குக் காலில் வலுக்குன்றி, நோயாளரிற் கண்டதை ஒத்த நோய் தோன்றிற்று. சில மாதங்களின் பின்னர் அது தானே நீங்கியும் விட்டது. காரணத்தைத் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. இடையிற் சில காலம் அக்கோழிகளுக்குப் படைவீரர் மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளைச் சோறே இடப்பட்டிருந்தது. பின்னர் வந்த சமையற்காரர் படைவீரரின் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்தமையால், மீண்டும் தீட்டாத அரிசி இடப்பட்டது. கோழிகளும் நலமடைந்தன.

யாவாவின் சிறைச்சாலைகளை 1895 ஆம் ஆண்டு தொடக்கம் ஆராய்ந்த போடர்மன் என்னும் அதிகாரியும், தீட்டிய அரிசி வழங்கப்பட்ட சிறைகளிலேயே பெரிபெரி மிகுந்திருந்ததைக் கண்டார். மாப்பொருளில் ஒரு நஞ்சு உண்டு எனவும், தவிடு அதனை முறிக்கின்றது எனவும் ஐக்மன் கருதியிருந்தார். அவருக்குப்பின் அங்கு பணியாற்றிய கிரைன்ஸ் என்பவரே 1901 இல் உண்மை விளக்கத்தை அளித்தார். நோய்க்குக் காரணம் உணவிலுள்ள நஞ்சன்று; உணவில் இல்லாத ஒரு பொருளேயாகும் என்பது அவர் துணிபு. அப்பொருள் 1926 இல் அரிசித்தவிட்டிலிருந்து தூய பளிங்குருவிற் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே தயமின். ஐக்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மலாயாவில் தமிழ்த் தொழிலாளரின் புழுங்கலரிசி

தீட்டுவதன் கேட்டை யாவா காட்டிற்று. அதிலிருந்து காக்கும் முறையொன்றை மலாயா காட்டிற்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி கொடுமையாகப் பரவியிருந்தது. தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இருசாராரும் உண்டது சோறே. ஆயின் சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது தம் ஊர்வழக்கப்படி அவித்துக் குற்றிய புழுங்கலரிசி. பிரடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்.

இது மெய்தானா என அறியும்பொருட்டு, கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் இல்லத்தில் பிளெச்சர் என்னும் மருத்துவர் 1905 ஆம் ஆண்டிற் பரிசோதனையொன்றைத் தொடங்கினார். அங்கிருந்தோரை இரு பகுதியினராகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியையும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியையும் கொடுத்தார். பச்சையரிசி உண்டோரிற் பலருக்கு நோய் கண்டது. சிலர் இறந்தும் போயினர். புழுங்கலரிசி உண்டோர் காக்கப்பட்டனர். அதன்பின்னர் பிரேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர் தெருவேலை செய்த யாவாத் தொழிலாளரிடத்து நடத்திய பரிசோதனையும் இம்முடிவையே உறுதிப்படுத்திற்று.

புழுக்குவதால் நிகழ்வது யாதெனில், நெல்லை ஊறவைக்கும்போது தோலிலும் முளையத்திலும் உள்ள உயிர்ச்சத்து நீரிற் கரைந்து மணியின் உட்பகுதிக்குச் செல்கின்றது. ஆவியில் அவிக்கும்போது மாப்பொருள் பசையாகி இறுகி, அச்சத்தை உள்ளே பிடித்துவைக்கின்றது. எனவே பின்னர்த் தீட்டினாலும் சத்து முழுவதும் தவிட்டோடு போவதில்லை. தீட்டிய புழுங்கலரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் தயமின் எஞ்சியிருக்கும். முன்னோர் இக்கணக்கை அறிந்திலர். எனினும் அவர் வழக்கம் அவரைக் காத்தது.

தயமின் உடலில் ஆற்றும் பணி

சோற்றிலுள்ள மாப்பொருள் சமிபாட்டின்போது குளுக்கோசு என்னும் சீனியாக மாறிக் குருதியை அடைகின்றது. அணுக்கூறுகள் அதனைப் பல படிகளில் எரிக்கின்றன. முதற் படிகளின் முடிவிற் பைருவிக்கமிலம் உண்டாகும. அதற்கு மேல் எரிவதற்குத் தயமினின் துணை இன்றியமையாதது. தயமின் குறைந்தால் எரிதல் அவ்விடத்தே தடைப்படும். குருதியில் அமிலம் தேங்கும். அணுக்கூறுகளுக்கு வேண்டிய வலு கிடையாது. குளுக்கோசையே பெரிதும் நம்பியிருக்கும் நரம்புகளும், ஓயாது உழைக்கும் இதயமும் முதலிற் பாதிக்கப்படுவது இதனாலேயாம்.

ஆகவே, சோற்றை எவ்வளவு மிகுதியாக உண்கின்றோமோ அவ்வளவுக்குத் தயமினும் மிகுதியாக வேண்டும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராமும் பெண்ணுக்கு 1.1 மில்லிகிராமும் தேவை. கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் இதனிலும் கூடுதலாக வேண்டும். உடலில் உள்ள சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதுமானது. நெல்லைப்போல் ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துவைக்க உடலால் இயலாது. நாள்தோறும் உணவிற் பெறுதல் வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வயலில் வேலைசெய்யும் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு சுண்டு, அஃதாவது ஏறத்தாழ 400 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். நன்கு தீட்டிய பச்சையரிசியாயின் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.3 மில்லிகிராம் தயமினே. பலமுறை கழுவி, வடித்துச் சமைத்தால் அதிலும் பாதி நீரோடு போய்விடலாம். புழுங்கலரிசியாயின் 0.8 மில்லிகிராம் வரையிற் கிடைக்கும். அதனோடு 50 கிராம் பயறு சேர்ந்தால் மேலும் 0.3 மில்லிகிராம் கிட்டும். கீரையும் காய்கறியும் மீனும் எஞ்சிய குறையை நிரப்பிவிடும்.

பலவகை உணவை உண்ணும் இக்காலத்தில் கடுமையான பெரிபெரி அரிது. ஆயினும் வெள்ளைச் சோற்றை மிகுதியாகவும் கறிகளைச் சிறிதாகவும் உண்போர் இக்குறையிலிருந்து முற்றும் நீங்கியோரல்லர்.

அரிசியும் குருதிச் சீனியும்

பெரிபெரி குறைந்த இக்காலத்தில் வேறொரு நோய் பெருகியுள்ளது. அது நீரிழிவாகும். 2005–2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது. பின்னைய ஆய்வுகள் அதனிலும் கூடிய அளவையே காட்டியுள்ளன. இது பட்டினத்தாருக்கு மட்டும் உரிய நோயன்று, கிராமங்களிலும் பரவியுள்ளது.

குருதியிற் சேரும் குளுக்கோசை அணுக்கூறுகளுக்குட் செலுத்துவதற்குச் சதையியிலிருந்து இன்சுலின் என்னும் ஓமோன் சுரக்கின்றது. உடனே எரிக்கப்படாத குளுக்கோசின் ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படும். இச்சேமிப்புக்கு எல்லை உண்டு. எல்லை கடந்த மிகுதி கொழுப்பாக மாறி வயிற்றிலும் ஈரலிலும் படியும். அவ்வாறு படிந்த கொழுப்பு இன்சுலினின் செயலை மந்தமாக்கும். சதையி மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகும்போது குருதிச் சீனி உயர்ந்து நிலைத்துவிடும். காலப்போக்கிற் கண், சிறுநீரகம், கால் நரம்பு, இதயம் ஆகியவை பழுதடையும்.

தீட்டிய அரிசியில் நார்ப்பொருள் மிகக் குறைவு. அதன் மாப்பொருள் விரைவாகச் சமிபாடடைந்து குருதிச் சீனியைத் திடீரென உயர்த்துகின்றது. தவிட்டுத் தோல் நீங்காத அரிசியும் புழுங்கலரிசியும் பொதுவாக இதனிலும் மெதுவாகவே சமிபாடடைகின்றன. சோற்றோடு பயறும் கீரையும் காய்கறியும் சேருமிடத்து அவ்வேகம் மேலும் குறையும். எனினும் சிவப்பரிசியாயின் எவ்வளவும் உண்ணலாம் என்று கருதுதல் தவறாகும். எந்த அரிசியாயினும் மிகுதியாக உண்டால் சீனி உயரவே செய்யும்.

மற்றுமொன்றையும் கமக்காரர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். முன்னாளில் எருமை பூட்டி உழுது, கையால் நாற்று நட்டு, அரிவாளால் அறுத்து, காலால் மிதித்துச் சூடடித்தனர். அவ்வுழைப்புக்குப் பெருஞ்சோறு வேண்டியிருந்தது. இன்று உழுவதும் அறுப்பதும் சூடடிப்பதும் பெரும்பாலும் பொறிகளாலேயே நடைபெறுகின்றன. உழைப்புக் குறைந்தது, தட்டில் இடும் சோறோ குறையவில்லை. வேலை மிகுந்த நாளில் உண்ணும் அளவையே வேலையற்ற நாளிலும் உண்பது உடலுக்குச் சுமையாகும். தட்டின் பாதியைக் கீரையும் காய்கறியும், காற்பங்கைச் சோறும், எஞ்சிய காற்பங்கைப் பயறு, மீன், முட்டை ஆகியவையும் நிரப்புவது மிதமான வேலை செய்வோருக்கு ஏற்ற அளவாகும்.

பயறும் கீரையும் குரக்கனும்

உடலைக் கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் புரதம் வேண்டும். அரிசியில் ஏறத்தாழ 7 வீதமே புரதம் உண்டு. அதிலும் இலைசீன் என்னும் கூறு குறைவு. பயறு, கௌபி, உழுந்து ஆகிய அவரையினத் தானியங்களில் ஏறத்தாழ 24 வீதம் புரதம் உண்டு, இலைசீனும் மிகுதி. அவற்றிற் குறைவாக உள்ள வேறொரு கூறு அரிசியிற் போதியளவு உண்டு. ஆகவே சோறும் பயறும் சேருமிடத்து ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இறைச்சி வாங்க வசதியற்ற வீட்டிலும் இச்சேர்க்கை நல்ல புரதத்தைத் தரும்.

முருங்கையிலை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை ஆகியவை உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் பொருளையும், இரும்பையும், சுண்ணாம்புச் சத்தையும் தருவன. உயிர்ச்சத்து ஏ உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு வறை செய்யும் வழக்கம் இதற்குப் பொருந்தியதே. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு குருதியில் எளிதிற் சேர்வதில்லை. தேசிக்காய்ப்புளி சேர்த்து உண்டால் அது நன்கு சேரும். உணவுண்ட உடனே தேநீர் அருந்தினால் இரும்பு சேர்வது தடைப்படும். எனவே தேநீரை ஒரு மணித்தியாலம் கழித்து அருந்துதல் நன்று.

குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் மிகச் சிறு பங்கே உண்டு. வாரத்திற் சில வேளைக்குச் சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டோ கூழோ உண்பது வளரும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் நலம் பயக்கும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. நெல்லை ஒதுக்குதல். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 550 கிலோகிராம் அரிசி வேண்டும். அதற்கு ஏறத்தாழ 800 கிலோகிராம், அஃதாவது 40 புசல் வரையிலான நெல் தேவைப்படும். விற்பனைக்கு முன்னரே இதனை ஒதுக்கி வைத்தல் வேண்டும். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் முதலிய பழைய இனங்களோ, ஏ.ரீ. 362 போன்ற புதிய செந்நெல் இனங்களோ விளையும் இடங்களில் வீட்டுத் தேவைக்கென அவற்றை ஒரு பாத்தியிலேனும் பயிரிடலாம்.

2. புழுக்குதல். நெல்லை நீரிலிட்டு, மிதக்கும் சப்பியை நீக்குக. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் நெல் புளித்துத் தீய நாற்றம் உண்டாகும். அதற்குப் பதிலாகக் கொதிக்குமுன் இறக்கிய சுடுநீரில், நெல்லும் நீரும் கலந்தபின் ஏறத்தாழ 70 பாகை வெப்பம் இருக்குமாறு, மூன்றரை முதல் நான்கு மணித்தியாலம் வரை ஊறவைப்பது சிறந்தது. பின்னர் நீரை வடித்து, உமி சிறிது வெடிக்கும் வரை ஆவியில் அவிக்குக.

3. உலர்த்துதல். கடும் வெயிலில் ஒரே முறையில் உலர்த்தினால் மணி வெடித்து, குற்றும்போது குறுநொய்யாகும். முதலில் அரைப்பதமாக உலர்த்தி, நிழலிற் சில மணித்தியாலம் குவித்துவைத்து, மீண்டும் உலர்த்துக. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படலாகாது.

4. குற்றுதல். ஆலையில் உமி நீங்கியபின் ஒரு முறை மட்டும் இலேசாகத் தீட்டுமாறு கேட்டுக்கொள்க. வெண்மைக்காக மீண்டும் தீட்டுவதால் அரிசியின் நிறையும் குறையும், சத்தும் குறையும்.

5. சேமித்தல். தோல் நீங்காத அரிசியில் எண்ணெய் உண்டாதலால் நாட்பட வைத்தால் சிக்கு மணம் வீசும், வண்டும் பிடிக்கும். ஆகவே நெல்லாகவே சேமித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது குற்றிக்கொள்க.

6. சமைத்தல். அரிசியைக் கல்லும் தூசும் நீங்கும் அளவுக்கே கழுவுக. கைகளாற் பிசைந்து பலமுறை கழுவலாகாது. நீர் முழுவதும் வற்றுமாறு அளவாக நீர்விட்டுச் சமைப்பது நன்று. வடிப்பதாயின் கஞ்சியைக் கொட்டாது குடித்தலோ கறியிற் சேர்த்தலோ வேண்டும். கீரையை நறுக்குமுன் கழுவுக. மூடிய பாத்திரத்திற் சிறிது நேரமே வேகவிடுக.

7. பயறு விதைத்தல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமாக, ஐவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 90 கிலோகிராம் பயறு வேண்டும். நெல் அறுவடைக்கும் அடுத்த போகத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயற்றைச் செய்கைபண்ணலாம். அது 55 முதல் 65 நாளில் விளைந்துவிடும். நன்கு பராமரித்தால் கால் ஏக்கர் நிலமே குடும்பத்தின் தேவைக்குப் போதுமானது. அதன் வேர்முடிச்சுக்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவதால் வயலும் வளம் பெறும்.

8. வீட்டுக்கென ஒரு பாத்தி. சந்தைக்குப் போகும் மரக்கறித் தோட்டத்தில் இரண்டு பாத்தியையேனும் வீட்டுக்கென விடுக. வேலியில் முருங்கையும் அகத்தியும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் செலவின்றி வளரும்.

சிறப்பாகக் கவனிக்க வேண்டியோர்

கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இவற்றை முதலிற் பெறவேண்டியோராவர். தாயின் உடலில் தயமின் குறைந்தால் பாலிலும் அது குறையும். பால்குடிக்கும் சிசுவின் இதயம் பாதிக்கப்படலாம். வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் மட்டும் தாய் உண்ணும் வழக்கம் மாறவேண்டும்.

சாராயமும் கசிப்பும் தொடர்ந்து அருந்துவோருக்குத் தயமின் குறைபாடு கடுமையாக ஏற்படும். மதுசாரம் குடலில் இச்சத்துச் சேர்வதைத் தடுக்கின்றது. உணவிலும் வெறுப்பை உண்டாக்குகின்றது. நடை தள்ளாடுதல், கண் ஒருவாறு சுழலுதல், நினைவு தடுமாறுதல் ஆகியவை காணப்பட்டால் அதனை வெறிமயக்கம் என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்; உரிய வேளையில் தயமின் ஏற்றினால் குணப்படுத்தலாம்.

நீரிழிவுள்ளோர், உணவை மாற்றியதும் மருந்தை நிறுத்திவிடலாகாது. நல்லுணவு மருந்துக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றன்று. 35 வயதைக் கடந்தோர் ஆண்டுக்கொருமுறையேனும் குருதிச் சீனியைச் சோதித்துக்கொள்வது நன்று.

முடிவாக

பயிருக்குத் தழைச்சத்தை மட்டும் இட்டு, ஏனைய சத்துக்களை இடாவிடில் நேர்வதைக் கமக்காரர் அறிவர். பயிர் பச்சைப்பசேலென வளரும். ஆயின் தாள் சாயும், மணி பிடியாது. வெள்ளைச் சோற்றை மட்டும் உண்ணும் உடலும் அத்தகையதே. வயிறு நிறையும், வலு நிலையாது.

வேண்டிய பொருள்கள் யாவும் கமக்காரரின் வயலிலும் வளவிலுமே விளைகின்றன. அவற்றைப் பெறுவதற்குப் புதிதாகப் பணம் செலவிடவேண்டுவதில்லை. மூடைகளை வண்டியிலேற்றுமுன் 40 புசல் நெல்லையும், அறுவடை முடிந்த வயலிற் கால் ஏக்கரையும், தோட்டத்தில் இரண்டு பாத்தியையும் வீட்டாருக்கென ஒதுக்கினாற் போதும். அடுத்த போகத்துக்கு விதைநெல்லைப் பேணுவது எவ்வளவு இன்றியமையாததோ, அப்போகத்தைச் செய்யும் உடலைப் பேணுவதும் அவ்வளவு இன்றியமையாததாகும்.